அன்லாக்டு போன் வாங்கலாமா? முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள்

'அன்லாக்டு' என்று எழுதி விற்கும் போன்கள் எல்லாம் ஒரே சரக்கு அல்ல. அந்த ஒற்றைச் சொல்லுக்குக் கீழே மூன்று விதமான போன்கள் விற்பனைக்கு வருகின்றன. போனைத் தயாரித்த கம்பெனியே எந்த நெட்வொர்க்கின் பெயரும் சேர்க்காமல் விற்பது ஒன்று. நெட்வொர்க் கம்பெனி தன் செயலிகளை ஏற்றி, தன் பெயரில் விற்று, தவணை முடிந்ததும் பூட்டைத் திறந்துவிட்டது இன்னொன்று. யாரோ மூன்றாம் ஆள் அன்லாக் கோடு (பூட்டைத் திறக்கும் எண்) போட்டோ, சிம்முக்கு அடியில் சில்லு செருகியோ திறந்துவிட்டதாகச் சொல்வது மூன்றாவது. முதலாவதைத் தைரியமாக வாங்கலாம். இரண்டாவதை, விலை நன்றாக இறங்கியிருந்து, ஒரு மாலைப் பொழுதை அதோடு மல்லுக்கட்டச் செலவழிக்கத் தயாராக இருந்தால் வாங்கலாம். மூன்றாவது வேண்டவே வேண்டாம்.

அன்லாக் செய்வதால் விடுதலை கிடைப்பது சிம்முக்கு மட்டுமே. போனுக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் செயலிகளை அது தொடுவதில்லை. பூட்டு திறந்த மறுநாளும் போனை ஆன் செய்தால் பழைய நெட்வொர்க்கின் லோகோதான் திரையில் வரும். அதன் பில் கட்டும் செயலி, வாய்ஸ்மெயில் செயலி, 'பாதுகாப்பு' என்ற பெயரில் ஒன்று, யாரும் கேட்காத இரண்டு விளையாட்டுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். "அன்லாக்டுதானே வாங்கினேன், இதெல்லாம் எப்படி உள்ளே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது. சிம் பூட்டு மோடம் பக்கத்து விவகாரம். செயலிகள் சிஸ்டம் பார்ட்டிஷன், அதாவது போனின் அடிப்படை மென்பொருள் இருக்கும் சேமிப்புப் பகுதி, அந்தப் பக்கத்து விவகாரம். இரண்டுக்கும் இடையே வாசல் இல்லை.

எந்தப் பூட்டு?

விற்பவர் "லாக் எதுவும் இல்லை" என்றால், எந்த லாக் என்று திருப்பிக் கேளுங்கள். நான்கு உண்டு.

சிம் லாக் என்பது போனை ஒரே நெட்வொர்க்கோடு கட்டிப்போடுவது. பெரும்பாலும் சிம்மில் இருக்கும் நாட்டுக் குறியீட்டையும் நெட்வொர்க் குறியீட்டையும் பார்த்து முடிவெடுக்கிறது. இ-சிம்முக்கும் இதே கட்டுதான். சிம் டிரே பூட்டியிருக்கிறது, இ-சிம் திறந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பூட்லோடர் லாக் வேறு. போனில் எந்த மென்பொருள் ஏறலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. சிம் லாக் திறந்த போனில் பூட்லோடர் இறுகப் பூட்டியிருப்பது சர்வ சாதாரணம். மூன்றாவது, பழைய உரிமையாளரின் கணக்கோடு பிணைந்த லாக். ஆண்ட்ராய்டில் ரீசெட்டுக்குப் பிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்பதும், ஐபோனில் ஆக்டிவேஷன் லாக்கும் இந்த வகை. இது இருந்தால் போன் ஒரு கண்ணாடித் துண்டுதான்.

நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: தவணை லாக். சாம்சங்கில் நாக்ஸ் கார்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. தவணை கட்டவில்லை என்றால் கடன் கொடுத்தவர் தூரத்திலிருந்தே போனை முடக்கிவிடலாம். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் இது போகாது. வாங்கும் அன்று எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த மாதம், பழைய ஆள் தவணையை நிறுத்தியதும், திரை பூட்டிக்கொள்ளும். போனை டவுன்லோட் மோடில் (மென்பொருள் ஏற்றுவதற்கான சாம்சங்கின் தனித் திரை) திறந்தால் சின்ன எழுத்தில் சில வரிகள் வரும். அதில் 'கேஜி' (நாக்ஸ் கார்டு) என்று தொடங்கும் வரியில் 'லாக்டு' என்றோ 'ஆக்டிவ்' என்றோ இருந்தால் அந்தப் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.

சட்டம் எங்கே எப்படி என்பதையும் சொல்லிவிடலாம். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் பூட்டிய போனை விற்கவே கூடாது. பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து அதே விதி. அமெரிக்காவில் 2014-இல் வந்த சட்டம் அன்லாக் செய்துகொள்ளும் உரிமையை உறுதி செய்தது, ஆனால் பூட்டி விற்பதைத் தடுக்கவில்லை. ஆகவே செகண்ட் ஹேண்ட் சந்தையில் சுற்றும் அமெரிக்கப் போன்களில்தான் சோதனை அதிகம் தேவைப்படுகிறது.

பணம் கொடுக்கும் முன் பத்து நிமிடம்

*#06# தட்டுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ, அதாவது போனின் தனி அடையாள எண், வரும். பெட்டியில் அச்சிட்ட எண்ணும், செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பக்கத்தில் இருக்கும் எண்ணும் இதோடு ஒத்துப்போக வேண்டும். முதல் 8 இலக்கங்கள் எந்த மாடல் என்பதைச் சொல்லும்; கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும் எண். இரண்டு சிம் வசதி இருந்தால் இரண்டு ஐஎம்இஐ வரும். 32 இலக்கத்தில் இஐடி என்று ஒன்று கூடவே வந்தால் இ-சிம் வன்பொருள் உள்ளே இருக்கிறது என்று பொருள். நெட்வொர்க் கம்பெனியின் மென்பொருள் சில சமயம் இ-சிம் மெனுவை மறைத்து வைத்திருக்கும், அதனால் மெனுவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அந்த ஐஎம்இஐயை நீங்கள் பயன்படுத்தப் போகும் நெட்வொர்க்கின் பரிசோதனைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா, அந்த நெட்வொர்க்கில் ஓடுமா என்று இரண்டு கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும். ஒரு நாட்டின் கறுப்புப் பட்டியல் எல்லா நாடுகளுக்கும் போய்ச் சேர்வதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த போன் இங்கே 'சுத்தம்' என்று காட்டினால், விற்ற நாட்டிலும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு சிம் சோதனை. இதில் ஒரு வழக்கமான தவறு நடக்கிறது. வேறு பெயர் கொண்ட சிம் என்று போட்டுப் பார்ப்பார்கள், வேலை செய்யும், அன்லாக்டு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தச் சிம் அதே பெரிய நெட்வொர்க்கின் கோபுரங்களை வாடகைக்கு எடுத்து ஓடும் துணை நிறுவனத்தின் சிம்மாக இருந்தால், நெட்வொர்க் குறியீடு ஒன்றாக இருக்கலாம். அப்போது பூட்டிய போனும் அதை ஏற்றுக்கொள்ளும். முற்றிலும் வேறு கோபுரத்தில் ஓடும் இரண்டு கம்பெனிகளின் சிம் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு அழைப்பு போகட்டும், ஒன்று வரட்டும், ஒரு எஸ்எம்எஸ், பிறகு டேட்டா, கடைசியில் ஹாட்ஸ்பாட். ஹாட்ஸ்பாட்டை விட்டுவிடாதீர்கள். கேரியர் (நெட்வொர்க் கம்பெனி) மென்பொருள் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யும் போதெல்லாம் தன் சர்வரிடம் அனுமதி கேட்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். வேறு சிம் இருந்தால் அந்த அனுமதி வராது. மற்ற எல்லாம் நன்றாக ஓடும், ஹாட்ஸ்பாட் மட்டும் அடம்பிடிக்கும்.

'சிம் நெட்வொர்க் அன்லாக் பின்' என்று கேட்டால் போன் பூட்டியிருக்கிறது. அங்கே இணையத்தில் கிடைத்த எண்களைப் போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். தப்பான கோடுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வாய்ப்பு. அது தீர்ந்தால், பின்னால் சரியான கோடு கிடைத்தும் போன் ஏற்காமல் போகலாம்.

ஐபோனில் இவ்வளவு தேவையில்லை. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றால் திறந்த போன். அதே பக்கத்தில் மாடல் எண்ணின் முதல் எழுத்தையும் கவனியுங்கள். எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் புதுப்பித்தது, என் என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது, பி என்றால் பெயர் பொறித்து விற்றது. 'புத்தம் புதுசு' என்று சொல்லி என்-இல் தொடங்கும் போனை நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஐபோனில் ஒரே ஒரு பொறி உண்டு. பூட்டு நிலை போனுக்குள் இல்லை, ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. அமெரிக்கச் சில்லறைக் கடைகள் வழியாக வரும் சில ஐபோன்கள் 'ரீசெல்லர் ஃப்ளெக்ஸ்' என்ற கொள்கையில் இருக்கும். பெட்டி பிரிக்காத வரை எந்தப் பூட்டும் இல்லை. முதன்முதலாக எந்த நெட்வொர்க்கின் சிம்மைப் போட்டு இயக்குகிறோமோ அதோடு பூட்டிக்கொள்ளும். கடைக்காரர் 'திறந்த போன்' என்று சொன்னது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. சாம்சங்கும் 2013-இல் நோட் 3 காலத்திலிருந்து கிட்டத்தட்ட இதே போன்ற ஒரு விதி வைத்திருந்தது: எந்த வட்டாரத்துக்காகத் தயாரித்ததோ அங்கத்திய சிம்மில் முதலில் பேச வேண்டும். பெட்டியில் அதற்கு ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள்.

சாம்சங்: ஒரே ஒரு எண் செய்யும் வித்தியாசம்

கேரியர் செயலி விவகாரம் சாம்சங்கில்தான் கூர்மையாகத் தெரியும். கேலக்ஸி எஸ்23-ஐ எடுத்துக்கொள்வோம். எஸ்எம்-எஸ்911யூ என்று மாடல் எண் முடிந்தால் அமெரிக்க நெட்வொர்க் கம்பெனிகளுக்காகச் செய்தது. எஸ்எம்-எஸ்911யூ1 என்றால் சாம்சங் நேரடியாக, திறந்த போனாக விற்றது. எஸ்எம்-எஸ்911பி என்றால் உலகச் சந்தைக்கானது. யூ-வும் யூ1-ம் வன்பொருளில் ஒன்றே. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த '1' மென்பொருளைப் பற்றியது. 'அன்லாக்டு' என்று போட்டு யூ மாடலை விற்றால், அது பூட்டு திறந்த கேரியர் போன். யூ1 விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

செட்டிங்ஸ், அபவுட் போன், சாப்ட்வேர் இன்பர்மேஷன் வரை போய், 'சர்வீஸ் புரொவைடர் சாப்ட்வேர் வெர்ஷன்' என்ற வரியைப் பாருங்கள். நீளமான ஒரு கோவை இருக்கும், அதில் சாய்கோடு போட்டுப் பிரித்த மூன்றெழுத்துக் குறியீடுகள் வரும். இவற்றுக்கு சிஎஸ்சி என்று பெயர். முதலில் நிற்பது இப்போது நடைமுறையில் இருக்கும் குறியீடு. எக்ஸ்ஏஏ என்றால் அமெரிக்கத் திறந்த போன். விஇசட்டபிள்யூ, டிஎம்பி, ஏடிடி என்றால் முறையே வெரைசன், டி-மொபைல், ஏடிஅண்ட்டி. ஆன் ஆகும்போது வரும் லோகோ, முன்பே ஏற்றும் செயலிகளின் பட்டியல், ஏபிஎன் என்ற டேட்டா இணைப்பு அமைப்பு, ஹாட்ஸ்பாட் விதி, சில மெனுக்கள் தெரிவதா மறைவதா என்பதெல்லாம் இந்தக் குறியீட்டின் கீழ் அடைபட்டிருக்கின்றன.

இங்கே ஒரு சங்கடம். யூ1 போனாக இருந்தாலும் எல்லாக் கம்பெனிகளின் சிஎஸ்சி தொகுப்பும் அதன் உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. சிம்மைப் போட்டதும் "புதிய சிம் கண்டுபிடிக்கப்பட்டது, அமைப்புகளை மாற்ற மறுதொடக்கம் தேவை" என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு வந்தால், குறியீடு மாறப்போகிறது என்று அர்த்தம். அழைப்பும் விஓஎல்டிஇ-யும் (4ஜி வழியாகப் பேசும் வசதி) ஒழுங்காக ஓட இது தேவைதான். ஆனால் கூடவே சில செயலிகளும் எழுந்து வரக்கூடும். அவை பெரும்பாலும் சாதாரணமாக நீக்கக்கூடிய வகை என்பது ஆறுதல்.

பிக்சல் இந்த விஷயத்தில் நிம்மதி. யார் விற்றாலும் அடிப்படை மென்பொருள் ஒன்று, அப்டேட்டும் கூகுளிடமிருந்தே வருகிறது. ஆனால் வெரைசன் விற்ற பிக்சலில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். சிம் லாக் திறந்தாலும் அது உயிர்பெறாது. வேறு ரோம் (மாற்று இயங்குமென்பொருள்) போட நினைப்பவர்கள் வாங்கும் முன் இந்த ஒரு பொத்தானைக் காட்டச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஐபோனில் கேரியர் செயலி என்ற பேச்சே கிடையாது. நெட்வொர்க் அமைப்புகள் சின்னக் கோப்பாக வந்து போகும், அவ்வளவுதான்.

இந்தச் செயலிகள் எங்கிருந்து வருகின்றன

மூன்று வழி. எந்த வழியில் வந்தது என்று தெரிந்தால்தான் எப்படி வெளியேற்றுவது என்று தெரியும்.

சிஸ்டம் பார்ட்டிஷனில் எழுதி வைத்தவை முதல் வகை. இந்தப் பகுதி படிக்க மட்டும். பயனர் எதையும் அழிக்க முடியாது. இவற்றில் சில 'பிரிவிலெஜ்டு' என்ற தனி அடுக்கில் உட்கார்ந்திருக்கும், சாதாரணச் செயலிகளுக்குக் கிடைக்காத அனுமதிகள் அவற்றுக்கு உண்டு. இரண்டாவது வகை, முதல்முறை போனை அமைக்கும்போது ப்ளே ஸ்டோர் வழியாகத் தானாக இறங்குபவை. போனில் இருப்பது பட்டியல் மட்டும். இணையம் கிடைத்ததும் இறக்கிவிடும். சாதாரணமாக அழுத்திப் பிடித்து நீக்கிவிடலாம். மூன்றாவது, சிம்முக்காகக் காத்திருப்பவை. செயலி உள்ளேயே முடங்கிக் கிடக்கும். பொருந்தும் சான்றிதழ் உள்ள சிம் நுழைந்ததும் ஆண்ட்ராய்டு அதை எழுப்பிவிடும். சிம் வழியாக இப்படி உரிமை கொடுக்கும் ஏற்பாடு ஆண்ட்ராய்டு 5.1-இல் வந்தது.

இவற்றோடு ஒரு தரகர் கூட்டமும் உண்டு. டிஜிட்டல் டர்பைன் என்ற கம்பெனியின் இக்னைட் என்ற மென்பொருள் அமெரிக்கக் கேரியர் போன்களில் பலகாலமாக இருக்கிறது. செயலிப் பட்டியலில் 'மொபைல் சர்வீசஸ் மேனேஜர்' என்று ரொம்ப உத்தியோகபூர்வமான பெயரில் காணப்படும். விளம்பரதாரரின் செயலிகளைப் போனில் இறக்குவதே அதன் தொழில். வருமானத்தில் நெட்வொர்க் கம்பெனிக்கும் பங்கு. அப்டேட் முடிந்து போன் திரும்பி வந்ததும் புதிதாக ஒரு விளையாட்டு முளைத்திருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பெயரைத்தான். விளையாட்டை நீக்கிப் பயனில்லை, இதை முடக்க வேண்டும்.

'இடத்தை அடைக்கிறது' என்பது கேரியர் செயலிகள் மேல் வைக்கும் பலவீனமான குற்றச்சாட்டு. பேட்டரிக்குப் பெரிய ஆபத்து என்பதும் மிகை; முடக்கியபின் சார்ஜ் இரட்டிப்பாக நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். உண்மையான பிரச்சினை அவற்றின் அதிகாரம். 2011-இல் கேரியர் ஐக்யூ என்ற கண்காணிப்பு மென்பொருள் கோடிக்கணக்கான போன்களில் பயனருக்குத் தெரியாமல் இருந்தது வெளியே வந்து பெரிய ரகளை ஆனது. 2022 மே மாதம் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் இன்னொன்றை வெளியிட்டார்கள். எம்சிஇ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் கட்டமைப்பில் கடுமையான ஓட்டைகள்; அதைப் பல பெரிய நெட்வொர்க் கம்பெனிகளின் போன் பரிசோதனைச் செயலிகள் பயன்படுத்தி வந்தன. போனின் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக அந்தச் செயலிகளுக்கு சிஸ்டம் முழுக்க அனுமதி கொடுத்திருந்தார்கள். அதனால் ஓட்டை வழியாக நுழைபவருக்கும் அதே அனுமதி. திருத்தம் வந்துவிட்டது, ஆனால் அந்தச் செயலிகளில் சிலவற்றை ரூட் (போனின் முழு நிர்வாக அதிகாரம்) இல்லாமல் முழுசாக நீக்கவே முடியாது என்பதையும் அதே அறிக்கை சொன்னது.

திறந்த போன் வாங்கினால் இதிலிருந்து தப்பித்தோம் என்று நினைப்பவர்களுக்கு 2024 ஆகஸ்ட் செய்தி. ஐவெரிஃபை என்ற பாதுகாப்பு நிறுவனம், பிக்சல் போன்களில் 'ஷோகேஸ்' என்ற செயலி ஒளிந்திருப்பதைக் காட்டியது. கடையில் போனைக் காட்சிக்கு வைக்க வெரைசனுக்காக ஸ்மித் மைக்ரோ என்ற நிறுவனம் செய்தது. 2017 செப்டம்பரிலிருந்து விற்ற பிக்சல்களில் பெரும்பங்கு அதைச் சுமந்துகொண்டிருந்தது. வெரைசன் வாசலையே மிதிக்காத போன்களும் அதில் அடக்கம். தானாக இயங்காது, கையில் போன் இருந்தால்தான் இயக்க முடியும் என்று கூகுள் சொல்லி, அப்டேட்டில் அதை எடுத்துவிடுவதாக அறிவித்தது. இயக்கினால், தன் அமைப்புக் கோப்பைக் குறியாக்கம் இல்லாத இணைப்பில் இறக்கும் தன்மை அதற்கு. ஆக, யூ1 வாங்கினாலும் பிக்சல் வாங்கினாலும் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் போடுவதுதான் கைவசம் இருக்கும் மருந்து.

சுத்தம் செய்யும் வரிசை

போனை அமைக்கும் முன்பே பாதி வேலையை முடிக்கலாம். சிம்மைக் கழற்றி வையுங்கள். வைஃபை கேட்கும் இடத்தில் 'ஸ்கிப்' கொடுத்து, ஆஃப்லைனாகவே முகப்புத் திரை வரை போங்கள். தானாக இறங்கும் பட்டியலை முதலில் ஒருமுறை பார்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். பிறகு வைஃபை, கூகுள் கணக்கு, எல்லா அப்டேட்டும், அதற்குப் பிறகே சிம்.

நீக்கக்கூடியதை நீக்குங்கள். நீக்க முடியாததற்குச் செயலித் தகவல் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தட்டி 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுங்கள். இடம் மிச்சமாவது இதில்தான். பிறகு ஸ்டோரேஜில் டேட்டாவை அழித்து, 'டிசேபிள்' அழுத்துங்கள். டிசேபிள் சாம்பல் நிறத்தில் இருந்தால் அறிவிப்பு அனுமதி, மற்ற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதி, பின்னணி டேட்டா, வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதி இவை நான்கையும் பிடுங்கிவிடுங்கள். பலருக்கு இந்த அளவே போதும்.

அதுவும் போதாதவர்களுக்கு ஏடிபி, அதாவது கணினியிலிருந்து கேபிள் வழியாகப் போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி. 'பில்ட் நம்பர்' மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அந்தப் பொத்தான் அசையவில்லை என்றால் சாம்சங்கின் ஒன் யூஐ 6 மென்பொருளில் வந்த ஆட்டோ பிளாக்கர் தடுக்கிறது. பாதுகாப்பு மெனுவில் அதை அணைத்துவிட்டு வாருங்கள். கணினியில் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸை இறக்கி, கேபிளைச் செருகி, 'ஏடிபி டிவைசஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள். பட்டியல் காலியாக வந்தால் பத்தில் எட்டு தடவை கேபிள்தான் குற்றவாளி: சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். 'அன்ஆத்தரைஸ்டு' என்று வந்தால் போன் திரையைத் திறந்து அனுமதிப் பெட்டியில் சரி சொல்லவில்லை.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறோம், தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. முதலில் 'ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் பேக்கேஜஸ் --யூசர் 0'. அந்த 'யூசர் 0' இல்லாமல் கொடுத்தால், செக்யூர் ஃபோல்டர் வைத்திருக்கும் சாம்சங்கில் 'யூசர் 150'-ஐ அணுக அனுமதி இல்லை என்று பிழை வந்து நிற்கும். செக்யூர் ஃபோல்டர் தனிப் பயனராக அந்த எண்ணில் இருப்பதால் வரும் பிழை அது, போன் கெட்டுவிடவில்லை.

எதையும் முதலில் முடக்குங்கள்: முன்போலவே 'ஏடிபி ஷெல்' என்று தொடங்கி, 'பிஎம் டிசேபிள்-யூசர் --யூசர் 0', பிறகு பேக்கேஜ் பெயர் (அந்தப் பட்டியலில் செயலிக்கு இருக்கும் பெயர்). சில செயலிகளுக்குப் போன் அனுமதி மறுக்கும். அங்கே 'பிஎம் அன்இன்ஸ்டால் -கே --யூசர் 0'. 'கே' என்பது டேட்டாவை வைத்துக்கொள் என்பதற்கு. இதனால் செயலி உங்கள் கணக்கிலிருந்துதான் போகிறது, சிஸ்டம் பார்ட்டிஷனில் மூலக் கோப்பு அப்படியே இருக்கும். இடம் மிச்சமாகாததற்கும், ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வருவதற்கும் அதுவே காரணம். பெரிய அப்டேட்டுக்குப் பின்னும் சில திரும்பி எட்டிப் பார்க்கும். தவறாக எடுத்துவிட்டால் 'சிஎம்டி பேக்கேஜ் இன்ஸ்டால்-எக்ஸிஸ்டிங்' என்று பேக்கேஜ் பெயரோடு கொடுத்தால் வந்துவிடும்.

கட்டளை வேண்டாம் என்பவர்களுக்கு யுனிவர்சல் ஆண்ட்ராய்டு டீப்ளோட்டர் நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற இலவசக் கருவி. பட்டியலை 'கேரியர்' என்று வடிகட்டிக் காட்டும், ஒவ்வொன்றுக்கும் ரெகமெண்டட், அட்வான்ஸ்டு, எக்ஸ்பர்ட், அன்சேஃப் என்று தரம் குறித்திருக்கும். 'ரெகமெண்டட்' தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலானோருக்கு இல்லை. மூன்று நான்கு செயலிகளை எடுத்து, போனை ரீஸ்டார்ட் செய்து, அழைப்பும் டேட்டாவும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே மூச்சில் நாற்பதை எடுத்துவிட்டு, எதனால் வைஃபை காலிங் போனது என்று தேடுவது பெரிய தலைவலி. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். வங்கிச் செயலிகள் சில அதைக் கண்டால் திறக்க மறுக்கும்.

கை வைக்கக் கூடாதவை: ஐஎம்எஸ் (விஓஎல்டிஇ அழைப்பைக் கையாளும் பகுதி) என்று பெயரில் வருவது எதுவும், கேரியர் கான்ஃபிக், கூகுளின் 'கேரியர் சர்வீசஸ்', அவசர எச்சரிக்கைகளைக் கொண்டுவரும் செல் பிராட்காஸ்ட். 'கேரியர்' என்ற சொல்லைப் பார்த்ததும் அழித்துவிட்டு, ஆர்சிஎஸ் (எஸ்எம்எஸ்ஸின் புதிய வடிவம்) செய்தி போகவில்லை, விஓஎல்டிஇ காணோம் என்று திண்டாடுவது வாடிக்கை. இன்னும் முக்கியமான ஒன்று: டி-மொபைலின் ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் சிம் பூட்டைத் திறப்பதற்கே 'டிவைஸ் அன்லாக்' என்ற செயலிதான் சாவி. பூட்டு திறக்கும் முன் அதைக் குப்பை என்று தூக்கி எறிந்தால் சாவியை எறிந்த மாதிரி.

ஃபர்ம்வேரையே மாற்றினால்?

சாம்சங் யூ மாடலில் யூ1 ஃபர்ம்வேரை (போனின் முழு அடிப்படை மென்பொருள்) ஓடின் என்ற கணினிக் கருவி வழியாக ஏற்றும் வழி உண்டு, கேரியர் லோகோ முதற்கொண்டு போய்விடும். பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று நான்கு கோப்புகள். 'சிஎஸ்சி' போட்டால் போன் முழுக்க அழியும். 'ஹோம் சிஎஸ்சி' டேட்டாவை விட்டுவைக்கும், ஆனால் கேரியரிலிருந்து மாறும்போது முழுதாக அழிப்பதே சரி. பதிப்பு எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். அது பூட்லோடரின் பதிப்பு நிலை. போனில் 4 இருந்தால், ஏற்றுவது 4 அல்லது அதற்கு மேல்தான் இருக்க வேண்டும். 3 உள்ள கோப்பைக் கொடுத்தால் ஓடின் பாதியில் சிவப்பாக நின்றுவிடும். அதிகாரபூர்வக் கோப்பு என்பதால் நாக்ஸ் எண்ணிக்கை (அதிகாரபூர்வமற்ற மென்பொருள் ஏறியதைக் காட்டும் குறி) கெடாது. சிம் லாக் இருந்தால் இதனால் திறக்காது. அது வேறு பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது. அதே கேரியரின் சிம்மையே தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வேலையை நாம் சொல்ல மாட்டோம். விஷுவல் வாய்ஸ்மெயில், வைஃபை காலிங் போன்றவை போனால் யாரும் உதவிக்கு வர மாட்டார்கள்.

சிக்னல் இருக்கிறது, அழைப்பு போகவில்லை

அன்லாக்டு போனில் வரும் புகார்களில் இதுதான் அதிகம் மனதை வருத்துவது, காரணமும் பூட்டு அல்ல. 3ஜி மூடிய நெட்வொர்க்கில் அழைப்பு விஓஎல்டிஇ வழியாகத்தான் போக வேண்டும். அதற்குப் போனில் அந்த நெட்வொர்க்குக்கான ஐஎம்எஸ் அமைப்பு இருக்க வேண்டும். ஏடிஅண்ட்டி 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடியபோது, தான் அங்கீகரித்த மாடல்களின் பட்டியல் ஒன்றை வைத்தது. வன்பொருளில் எல்லாம் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாத போன்கள் வெளியே நின்றன. வேறு சந்தைக்கான போனை வாங்குபவர்கள் பேண்டுகளை (அலைவரிசைகளை) மட்டும் ஒப்பிட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* தட்டி, போன் தகவல் பக்கத்தில் ஐஎம்எஸ் நிலையைப் பார்க்கலாம். 'ரெஜிஸ்டர்டு' என்று வர வேண்டும். கோடு வேலை செய்யாத போனில், ஒரு அழைப்பைப் போட்டுவிட்டு மேலே சிக்னல் பட்டையைக் கவனியுங்கள். 4ஜி அல்லது 5ஜி சின்னம் நிலைத்து நின்றால் சரி. 2ஜிக்கோ 3ஜிக்கோ சறுக்கினால், அந்தப் பழைய சேவை மூடும் நாளில் போனும் ஊமையாகிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது வகைப் போனை, மூன்றாம் ஆள் திறந்துவிட்டதாகச் சொல்வதை, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிம் டிரேயை வெளியே இழுத்ததும் சிம்மின் முதுகில் மெல்லிய மஞ்சள் நிறத் தகடு ஒட்டியிருந்தால் அது இடைச்செருகல் சில்லு. போனையும் ஆக்டிவேஷன் சர்வரையும் ஏமாற்றி, சரியான நெட்வொர்க் சிம் என்று நம்ப வைக்கிறது. ஒரு ஐஓஎஸ் அப்டேட் வந்தால், அல்லது அது சார்ந்திருக்கும் சிம் எண்ணை அடைத்துவிட்டால், போன் பழையபடி பூட்டிக்கொள்ளும். விற்பவர் தானே சிம்மைப் போட்டுக் காட்டுகிறேன் என்று முந்தினால், டிரேயை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் துடைத்த பிறகும் திரையின் நடுவில் "ஓகே, கேன்சல்" என்று இரண்டு பொத்தானோடு ஒரு விளம்பரம் குதித்தால், போனைத் திட்டாதீர்கள். அது சிம்முக்குள் இருக்கும் குறுஞ்செயலி அனுப்புவது; சிம் டூல்கிட் வழியாக வருகிறது, எந்தப் போனில் போட்டாலும் வரும். தப்பித்தவறி 'ஓகே' அழுத்திவிட்டால் சந்தா தொடங்கிவிடும் ஆபத்தும் உண்டு. செயலிப் பட்டியலில் சிம் டூல்கிட்டைத் திறந்து, நெட்வொர்க் கம்பெனியின் பெயரில் இருக்கும் மெனுவுக்குள் போய், விளம்பரச் சேவைக்கான 'டீஆக்டிவேட்' தேர்வைத் தேடுங்கள். மெனுவில் அது இல்லை என்றால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து ஃப்ளாஷ் மெசேஜை நிறுத்தச் சொல்ல வேண்டும். சிம் டூல்கிட் செயலியையே முடக்கிவிடலாமே என்று தோன்றும். சிம்மின் வேறு மெனுக்களும் அதோடு சேர்ந்து போய்விடும் என்பதால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.